எகிப்தியக் கலையும் மடித்த தாளும்

பண்டை எகிப்தியரின் கலையைச் சிறார்க்கு அறிமுகப்படுத்தப் பள்ளிகளும் பொருட்காட்சிக் கூடங்களும் பெரிதும் விரும்பிக் கையாளும் முறை ஒன்று உண்டு. தாள் ஒன்றை நடுவே மடித்து, மடிப்பை ஒட்டிப் பாதி உருவம் வரைந்து, இரு மடியையும் சேர்த்துக் கத்தரித்து விரித்தால், இருபுறமும் ஒத்த முழு உருவம் கிடைக்கிறது. புனித வண்டு, இறகு விரித்த பருந்து, துத்தங்காமுன் மன்னனின் பொன் முகமூடி ஆகியவை இவ்வாறு செய்யப்படுகின்றன. விரிக்குந்தோறும் குழந்தைக்கு வியப்பு. ஆசிரியர்க்கோ தாளும் கத்தரியும் அன்றி வேறு செலவில்லை. ஆயின், இம்முறை எகிப்தியக் கலையைக் கற்பிக்கின்றதா, அன்றி அக்கலையைப் பற்றிய ஒரு பிழையைக் கற்பிக்கின்றதா என்னும் வினா எழுதல் இயல்பே. இதனை வெறும் விளையாட்டெனத் தள்ளுவாரும் உளர். எகிப்தியக் கலையின் உயிர்நிலையே இதுதான் எனக் கொள்வாரும் உளர். இரு கொள்கையும் முழுமையாக ஏற்கத்தக்கன அல்ல. முறை நன்று; மடிப்பு விழும் இடமே பெரும்பாலும் பிழையாகி விடுகின்றது என்பதே இக்கட்டுரையாளன் கருத்து.

முதற்கண் சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். சிம்மெட்ரி என்னும் கிரேக்கச் சொல் தொடக்கத்தில் உறுப்புகள் ஒன்றற்கொன்று அளவாற் பொருந்துதலையே குறித்தது. ஒரு பாதி மற்றொரு பாதியின் கண்ணாடி நிழலாக அமைதல் என்னும் பொருள் பின்னர்ச் சிறப்புற்றது. முன்னதை அளவொப்பு என்றும், பின்னதை நிழலொப்பு என்றும் ஈண்டு வழங்குவோம். எகிப்தியர் இரண்டனையும் போற்றினர். ஆனால் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தாரல்லர்.

எகிப்தியச் சுவரோவியத்தில் நிற்கும் மனிதன் ஒருவனை நோக்குக. முகம் பக்கவாட்டில் அமைந்தது. அம்முகத்துக் கண்ணோ நேர்நோக்கில் எழுதப்பட்டது. தோள்கள் இரண்டும் முழு அகலத்துடன் விரிந்துள்ளன. கொப்பூழ் நடுவில் இல்லாமல் முன்விளிம்பை நோக்கி ஒதுங்கியுள்ளது. கால்கள் மீண்டும் பக்கவாட்டில் நடக்கின்றன. ஒவ்வோர் உறுப்பையும் அதன் இயல்பு நன்கு விளங்கும் பக்கத்திலிருந்து காட்டும் இந்நெறியை ஹைன்ரிஷ் ஷேஃபர் 1919இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். இவ்வுருவத்தின் நடுவே மடிப்புக்கோடு இட இயலாது. இட்டால் மூக்கு இரண்டாகும். குழந்தைகள் செய்யும் மடிப்பு மனிதர் நம்மை நேரே நோக்கி விழிப்பது இதனாலேயே. அழகாக இருப்பினும் அஃது எகிப்தியன் எழுதிய மனிதன் அல்லன்.

சிலைகளின் நிலை வேறு. அவை நேர்நோக்கிய அமைப்புடையவை. தலையும் உடலும் ஒரே செங்குத்துத் தளத்தில் நிற்பவை. ஆயினும் அங்கும் நிழலொப்பு நிறைவுறவில்லை. கி.மு. 26ஆம் நூற்றாண்டினனாகிய காஃப்ரே மன்னனின் புகழ்பெற்ற கருங்கற்சிலையில், அரியணையும் தலைத்துணியும் இருபுறமும் ஒத்திருக்க, வலக்கை முட்டியாக மடங்கியும் இடக்கை தொடைமீது விரிந்தும் உள்ளன. நிற்கும் ஆடவர் சிலைகளில் இடக்கால் முன்வைக்கப்பட்டிருக்கும். 1925இல் ஹவார்டு கார்ட்டர் கண்ணுற்ற துத்தங்காமுன் முகமூடியும் இத்தகையதே. ஏறத்தாழ 54 செ.மீ. உயரமும் 10 கிலோகிராமுக்குச் சற்று மிகுந்த எடையும் உடைய அதன் நெற்றியில், நடுக்கோட்டில் ஒற்றை உருவம் இல்லை. தென்னாட்டுத் தெய்வமாகிய கழுகின் தலையும் வடநாட்டுத் தெய்வமாகிய நாகமும் அடுத்தடுத்து நிற்கின்றன. தாளை மடித்து வெட்டும் குழந்தைக்கு இரு நாகம் கிடைக்கும். அல்லது இரு கழுகு கிடைக்கும். நாடு இரண்டு என்னும் செய்தி மறைந்துவிடும்.

அளவொப்பைக் கற்பிக்க மடிப்பு வேண்டியதில்லை, கட்டங்களே வேண்டும். நடுக்கால அரசு தொடங்கி எகிப்திய ஓவியர் சதுரக் கட்டங்களை வரைந்து, அவற்றின்மேல் உருவங்களை அமைத்தனர். நிற்கும் உருவத்திற்கு உள்ளங்கால் முதல் தலைமயிர் தொடங்கும் விளிம்பு வரை 18 கட்டம். அமர்ந்த உருவத்திற்கு 14. முழங்கால் ஏறத்தாழ ஆறாம் கோட்டிலும், தோள் பதினாறாம் கோட்டிலும் விழும். பிற்காலத்தில் உள்ளங்கால் முதல் மேலிமை வரை 21 கட்டம் என இம்முறை மாறிற்று. பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள மரப்பலகை ஒன்றில் மூன்றாம் துத்மோஸ் மன்னனின் அமர்ந்த உருவம் கட்டங்களுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. அதன் அருகே காடைக்குஞ்சு, முன்கை ஆகிய எழுத்துருவங்கள் பயிற்சியின்பொருட்டுத் திரும்பத் திரும்ப வரையப்பட்டுள்ளன. மாணாக்கன் கை பழகிய வகையை இப்பலகையினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. 1908இல் கண்டறியப்பட்ட ஹோரெம்ஹெப் மன்னனின் முற்றுப்பெறாத கல்லறையிலோ, சிவப்புக் கோட்டால் முதலில் வரைந்ததைக் கருங்கோட்டால் திருத்திய சுவடு சுவரிலேயே நிற்கின்றது. ஒருவர் வரைய மற்றொருவர் திருத்துதல் என்னும் இப்பழக்கத்தை வகுப்பறையில் அவ்வாறே பின்பற்றலாம். வேறு விளக்கம் தேவைப்படாது.

இனி மடிப்புக்கு உரிய இடம் யாது எனக் காண்போம். எகிப்தியக் கலையில் நிழலொப்பு ஓர் உருவத்தின் உள்ளே பெரிதும் இல்லை. உருவங்களுக்கு இடையே உள்ளது. இருவர் எதிரெதிர் நிற்கும்போது அவர்களுக்கு நடுவே செல்லும் வெற்றிடக் கோடே உண்மையான மடிப்புக்கோடு. இதனைக் குழந்தைக்குக் காட்ட மிகப் பொருத்தமான பொருள், 1914இல் லாகூனில் கிடைத்து இப்போது நியூயார்க்கு மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள மார்பணியாகும். கி.மு. 19ஆம் நூற்றாண்டைச் சார்ந்த இளவரசி சித்-ஹதோர்-யூனெத் அணிந்தது அது. பொன்னில் பதித்த 372 கல் துண்டுகளால் இயன்றது. இரு பருந்துகள் எதிரெதிரே நிற்க, நடுவில் இரண்டாம் செனுஸ்ரத் மன்னனின் அரியணைப் பெயர் நீள்வளையத்துள் அமைந்துள்ளது. காகெப்பெர்ரே என்னும் அப்பெயரை எழுத வேண்டிய குறிகள் கதிரவன் வட்டம், எழுகதிர், வண்டு என்னும் மூன்று. மூன்றுமே தம்மளவில் இருபுறமும் ஒத்தவை. பொற்கொல்லன் பேறு பெற்றவன் எனலாம். எல்லா மன்னர் பெயரும் இவ்வாறு வாய்ப்பதில்லை.

ஆயினும் அவ்வணியிலும் ஓரிடத்தில் மடிப்பு தோற்கின்றது. பெயரைத் தாங்கி முழந்தாளிட்டிருக்கும் கோடியாண்டுத் தெய்வமாகிய ஹெஹ் முகத்தை ஒருபுறம் திருப்பியுள்ளது. அதன் ஒரு கையில் மட்டும் நூறாயிரத்தைக் குறிக்கும் தலைப்பிரட்டை தொங்குகின்றது. ஆகவே மாணவன் பருந்துகளை மடித்து வெட்டியபின், தாளை விரித்து, ஹெஹ்ஹைத் தனியே எழுத வேண்டியவனாகிறான். அந்தக் கணமே கற்றல் நிகழும் கணம் என்பேன். கத்தரியால் முடியாத ஒன்றைக் கை செய்ய வேண்டியிருப்பதை அவன் உணர்கின்றான்.

எழுத்தினைப் பற்றியும் ஈண்டுக் கூறல் வேண்டும். எகிப்தியச் சித்திர எழுத்து வலமிருந்து இடமாகவும், இடமிருந்து வலமாகவும், மேலிருந்து கீழாகவும் எழுதப்படும். விலங்கு, பறவை, மனிதக் குறிகள் எத்திசையை நோக்குகின்றனவோ அத்திசையிலிருந்தே படிக்கத் தொடங்குதல் வேண்டும். எனவே கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுதுதல் அம்மொழியில் பிழை அன்று. நம் குழந்தை ககரத்தைத் திருப்பி எழுதினால் திருத்துகிறோம். எகிப்தியச் சிறுவன் வாயிற்கல்லின் ஒரு பாதியில் அவ்வாறு எழுதக் கடமைப்பட்டவன். வாயில்களின் மேற்கற்களில் உயிர் என்னும் பொருளுடைய அங்க் குறியை நடுவில் ஒருமுறையே எழுதி, அதனை இரு தொடருக்கும் பொதுவாக்கி, ஒரு தொடர் வலப்புறமாகவும் மற்றொன்று இடப்புறமாகவும் ஓடச் செய்தனர். தமிழறிஞர்க்கு மாலைமாற்று நினைவுக்கு வரலாம். ஆனால் மாலைமாற்று ஒரே தொடரை இரு முனையிலிருந்தும் படிப்பது. இஃது ஒரு நடுவிலிருந்து இரு தொடர் பிரிவது. மடித்த தாளின் மடிப்பில் பாதி அங்க் குறியை வரைந்து, பறவைக் குறிகளை அதனை நோக்கி அமைத்து வெட்டினால், இலக்கணப் பிழையற்ற எகிப்திய வாயிற்கல்லின் அமைப்பு கிடைக்கும். மடிப்புக் கைவினை முற்றும் மெய்யாகும் இடம் இதுவே.

எனினும் வாயிற்கல்லிலும் இரு பாதி ஒன்றேயல்ல. மேதமூத் என்னும் ஊரிலிருந்து சென்று பாரிசு லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள மூன்றாம் செனுஸ்ரத் காலத்து மேற்கல்லில், மன்னன் இருமுறை மொன்த்து தெய்வத்துக்குப் படையல் இடுகிறான். ஒருபுறம் வெள்ளப்பம், மறுபுறம் வேறுவகைப் பணியாரம். முகத்திலும் ஒருபுறம் இளமையும் மறுபுறம் முதுமையும் காட்டப்பட்டுள. தொலைவில் நிழலொப்பு, அண்மையில் வேறுபாடு. வலமும் இடமும் எகிப்தியர்க்கு வெறும் பக்கங்கள் அல்ல என்பதே இதற்குக் காரணம். நைல் ஆறு தோன்றும் தென்திசையை நோக்கி நின்று அவர்கள் திசை வகுத்தனர். ஆதலின் வலம், மேற்கு என்னும் இரண்டற்கும் ஒரு சொல்வேர். இடம், கிழக்கு என்னும் இரண்டற்கும் மற்றொரு வேர். கிழக்கு நோக்கி நின்றோர் வலப்புறத்தையும் தெற்கையும் தட்சிணம் என ஒரு சொல்லாற் குறித்ததை அறிந்த நமக்கு இஃது எளிதில் விளங்கும். ஓவியத்தில் வலப்புறம் நோக்கிய உருவமே அடிப்படை. அதனை இடப்புறம் திருப்புங்கால் ஓவியன் இடர்ப்பட்டான். கோல் இடக்கைக்கு உரியது, செங்கோல் வலக்கைக்கு உரியது என்னும் வழக்கைக் காக்க முயன்றதால், இடம் நோக்கிய சில உருவங்களில் செங்கோல் ஆடைக்குப் பின்னே மறைந்து செல்வதைக் காணலாம். நிழலைக் காட்டிலும் பொருளே அவனுக்குப் பெரிது.

இவையனைத்தும் ஒருங்கு கூடும் கைவினையாக யான் பரிந்துரைப்பது, இருநாட்டிணைப்பு என்னும் சின்னம். நடுவில் இணைத்தல் என்னும் பொருளுடைய குறி நிற்கும். நுரையீரலும் மூச்சுக்குழலும் சேர்ந்த வடிவம் அது. தன்னளவில் இருபுறமும் ஒத்தது. அதன் இருமருங்கும் இருவர் நின்று, செடித்தண்டுகளைக் குழலிற் சுற்றி முடிச்சிட்டு இழுக்கின்றனர். லிஷ்த்தில் கிடைத்த முதலாம் செனுஸ்ரத் மன்னனின் பத்து அமர்ந்த சிலைகளின் அரியணைப் பக்கங்களில் இதனைக் காணலாம். சிலவற்றில் முடிச்சிடுவோர் ஹோரஸ், சேத் என்னும் பகைத் தெய்வங்கள். சிலவற்றில் வளம் நிறைந்த வயிறுடைய நைல் தெய்வங்கள். ஒருபுறச் செடி தென்னாட்டு அல்லி வகை. மறுபுறச் செடி வடநாட்டுப் பாப்பிரஸ்.

மாணவர் தாளை மடித்து நடுக்குறியையும் இரு மனிதரையும் வெட்டட்டும். பின்னர் விரித்து, ஒருபுறச் செடியை நீக்கி, மற்றொரு செடியை எழுதி ஒட்டட்டும். தலைகளையும் மாற்றுக: ஒன்றற்குப் பருந்துத்தலை, மற்றொன்றற்குச் சேத்தின் நீண்ட முகம். இரு செடியும் இரு தலையும் வேறாயினும், இழுக்கும் கைகளின் வலியும் முடிச்சின் நடுமையும் ஒன்றே என்பது அப்போது கண்ணுக்குப் புலனாகும். முழு நிழலொப்பாகவே வெட்டி நிறுத்தினால் ஒரு நாடு தன்னைத் தானே கட்டிக் கொள்வதாகிவிடும், சின்னம் பொருளிழக்கும். பகைவர் இருவர் ஒரே முடிச்சை இழுப்பதுதான் எகிப்திய அரசியலின் உட்கருத்து. இதனைச் சொல்லால் விளக்கப் புகுந்தால் பத்து வயதுக் குழந்தை உறங்கிவிடும்.

மடிப்பினை வேறொரு வகையாலும் பயன்படுத்தலாம். பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள நெபாமுன் கல்லறை ஓவியங்களுள் தோட்டக்குளம் ஒன்று உண்டு. காலம் ஏறத்தாழ கி.மு. 1350. குளம் வானிலிருந்து நோக்கினாற் போல நாற்கோணமாக உள்ளது. அதனுள் மீன்களும் பறவைகளும் தாமரைகளும் பக்கவாட்டில் காட்டப்பட்டுள்ளன. கரைமரங்களில் மேல்விளிம்பின் வரிசை நிமிர்ந்து நிற்க, பக்கவிளிம்பின் வரிசை படுத்துக் கிடக்கின்றது. எகிப்தியர்க்குத் தொலைநோக்கு முறை தெரியாது என்று கூறி இவ்வோவியத்தைக் குறைத்துரைப்பார் பலர். குழந்தை அதனைத் தடித்த தாளில் படியெடுத்து, மேல்வரிசையையும் பக்கவரிசையையும் கரைக்கோட்டில் மேல்நோக்கி மடித்து நிறுத்தட்டும். படுத்துக் கிடந்த மரங்கள் எழுந்து நின்று குளத்தைச் சூழும். மேல்மூலையில் அத்தி மரத்திலிருந்து கனியும் நீரும் ஏந்தி வெளிப்படும் தெய்வமும் மரங்களோடு எழுந்து நிற்கும்.