கன்றுக் கழிச்சலும் குழந்தை வயிற்றுப்போக்கும்: ஒரே குடும்பத்து வைரஸ்!

ஒரு வாரக் கன்றைச் சாய்க்கும் ரோட்டா வைரஸ்தான், ஒரு வயதுக் குழந்தையையும் மருத்துவமனையில் படுக்க வைக்கிறது. குழந்தைக்கான தடுப்பு மருந்துக்கு வழிகாட்டியதும் மாட்டுக் கொட்டகைதான்.

ஈன்ற மாடு நன்றாக இருக்கும். கன்றும் முதல் நான்கு நாள் துள்ளித் திரியும். ஐந்தாம் நாளோ, ஆறாம் நாளோ விடியற்காலையில் பார்த்தால், வாலிலும் பின்னங்காலிலும் மஞ்சளாகத் தண்ணீர்க் கழிச்சல் ஒட்டியிருக்கும். 'பால் அதிகமாகக் குடித்துவிட்டது, மந்தம்' என்று விட்டுவிடுவோம். மறுநாள் கண் உள்வாங்கி, காது சில்லிட்டு, கன்று எழ முடியாமல் கிடக்கும். பெண் கன்றாக இருந்தால் அடுத்த தலைமுறைப் பால் மாடு போய்விட்டது என்று அர்த்தம். நாட்டு மாடாக இருந்தால், கன்று போன ஏக்கத்தில் தாய் பாலையும் அடக்கிக்கொள்ளும்.

அதே வீட்டில் எட்டு மாதக் குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால், 'பல் முளைக்கிறது', 'உரம் விழுந்திருக்கிறது' என்று இரண்டு நாள் கழிந்துவிடும். இரண்டு இடத்திலும் காரணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான். அவற்றில் முக்கியமான ஒன்று ரோட்டா வைரஸ்.

முதலில் கன்று, பிறகு குழந்தை

இந்த வைரஸ் பற்றிய ஆராய்ச்சியில் கால்நடைத் துறை, மனித மருத்துவத்துக்கு முன்னால் நடந்தது. 1969-ம் ஆண்டு அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மீபஸ் குழுவினர், பண்ணைகளில் கன்றுகளைக் கொன்ற கழிச்சலுக்கு ஒரு வைரஸ்தான் காரணம் என்று நிரூபித்தார்கள். நோயுற்ற கன்றின் கழிச்சலிலிருந்து எடுத்த வைரஸைக் கொடுத்தபோது, நல்ல கன்றுக்கும் அதே நோய் வந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1973-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் குழுவினர், வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் சிறுகுடலிலிருந்து எடுத்த சிறு திசுவை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அதுவரை காரணம் தெரியாமல் இருந்த குழந்தைப் பேதிக்குக் காரணமாக அங்கே ஒரு வைரஸ் நிறைந்து கிடந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் தாமஸ் ஃப்ளூவெட், இதுவும் நெப்ராஸ்கா கன்று வைரஸும் உறவு என்று காட்டினார். நுண்ணோக்கியில் ஆரக்கால் வைத்த வண்டிச் சக்கரம்போலத் தெரிந்ததால், லத்தீன் மொழியில் சக்கரம் என்று பொருள்படும் 'ரோட்டா' என்ற பெயரையும் அவர்தான் சொன்னார்.

குடலுக்குள் என்ன நடக்கிறது?

சிறுகுடலின் உட்புறம் நாற்றங்கால்போல விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் உண்டு. பாலைச் செரித்து உறிஞ்சுவது இவற்றின் வேலை. ரோட்டா வைரஸ் இவற்றின் நுனிச் செல்களை அழித்துவிடுகிறது. நுனி கருகிய நாற்று எப்படிச் சத்தெடுக்காதோ, அப்படித்தான் குடலும் ஆகிறது. செரிக்காத பால் சர்க்கரை உடம்பிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. வைரஸ் சுரக்கும் ஒரு புரதமும் நஞ்சாக வேலை செய்து நீரை வெளியேற்றுகிறது.

ஆகவே, கன்றையும் குழந்தையையும் கொல்வது நீரும் உப்பும் வற்றிப்போவதுதான். 30 கிலோ கன்று 3 லிட்டர் நீரை இழந்தால் உயிருக்கே ஆபத்து. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் மருந்து வேலை செய்யாது. நீரை ஈடுகட்டினால், புதிய செல்கள் முளைத்து, சில நாட்களில் குடல் தானே தேறிவிடும்.

கொட்டகையிலிருந்து வந்த சொட்டு மருந்து

மாட்டு வைரஸ் குழந்தைக்குப் பெரிய நோயை உண்டாக்காது. ஆனால், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும். இந்த எண்ணத்தில்தான் முதல் தடுப்பு மருந்து பிறந்தது. நெப்ராஸ்கா கன்று வைரஸை வலுவிழக்கச் செய்து, 1980-களில் ஃபின்லாந்தில் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே பலன் தெரிந்தது. ஆப்பிரிக்காவில் சரியாக எடுபடாததால் அது கைவிடப்பட்டது. ஆனால் வழி கிடைத்துவிட்டது.

இந்த வைரஸின் மரபுப் பொருள் 11 துண்டுகளாக இருக்கிறது. ஒரே குடல் செல்லுக்குள் மாட்டு வைரஸும் மனித வைரஸும் சேர்ந்து புகுந்தால், துண்டுகள் இடம் மாறி ஒட்டு வைரஸ் பிறக்கும். இரண்டு நெல் ரகங்களை ஒட்டுச் சேர்ப்பதுபோலத்தான். இதை ஆய்வகத்தில் செய்து, அமெரிக்காவில் 2006-ல் ஒரு தடுப்பு மருந்து வந்தது. அதற்கு அடிப்படை, பென்சில்வேனியாவில் ஒரு கன்றிலிருந்து எடுத்த வைரஸ். புனே சீரம் நிறுவனத்தின் 'ரோட்டாசில்' மருந்தும் மாட்டு வைரஸையும் மனித வைரஸையும் ஒட்டுச் சேர்த்ததுதான்.

நம் நாட்டில் இயற்கையே அந்த ஒட்டு வேலையைச் செய்திருந்தது. 1980-களில் டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில், பிறந்த குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தும் நோய் வரவில்லை என்பதை எம்.கே.பான் குழுவினர் கவனித்தார்கள். அந்த வைரஸின் 11 துண்டுகளில் ஒன்று மாட்டு வைரஸுக்குரியது. அதுவே பின்னாளில் பாரத் பயோடெக் நிறுவனத்தின் 'ரோட்டாவேக்' சொட்டு மருந்தானது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், முதல் வயதில் கடுமையான ரோட்டா நோயை அது சுமார் 56 சதவீதம் குறைத்தது.

வேலூரின் பங்கு இதோடு முடியவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் குழுவினர், பச்சிளம் குழந்தைகளிடம் ஜி10 என்ற வகையைக் கண்டார்கள். இது மாடுகளிடம் சாதாரணமாகக் காணப்படும் வகை. அதே வேலூரில் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயது வரை பின்தொடர்ந்த ஆய்வு, 2011-ல் வெளியானது. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே தொற்று வந்திருந்தது. மூன்று முறை தொற்று வந்த பிறகும் கடும் நோயிலிருந்து 79 சதவீதப் பாதுகாப்புதான் கிடைத்தது. 'ஒருமுறை வந்தால் மறுபடி வராது' என்பது இந்த நோய்க்குப் பொருந்தாது.

தடுப்பு மருந்து வருவதற்கு முன்பு, இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 78,000 குழந்தைகள் இந்த ஒரு வைரஸால் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. 2016-ல் நான்கு மாநிலங்களில் தொடங்கிய அரசின் இலவசத் திட்டம், 2017-ல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 6, 10, 14-வது வாரங்களில் வாய்வழியாகக் கொடுக்கப்படுகிறது.

கன்றுக்குத் தடுப்பு மருந்து சீம்பால்தான்

மனிதக் குழந்தை, தாயின் வயிற்றில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்புச் சக்தியைப் பெற்றுவிடும். மாட்டில் அந்த வழி அடைபட்டது. கன்று பிறக்கும்போது அதன் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய இல்லை. சீம்பாலிலிருந்துதான் அது வர வேண்டும். அதை உறிஞ்சும் திறனும் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் நின்றுவிடும்.

எனவே, பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் கன்றின் வயிற்றுக்குள் போக வேண்டும். முதல் நாளில் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர், இரண்டு மூன்று தவணையாகக் கொடுக்க வேண்டும். ஒரு நாளுக்குப் பிறகு சீம்பால் ரத்தத்தில் சேராது. ஆனாலும் குடலுக்குள்ளேயே வைரஸைப் பிடித்து நிறுத்தும். அதனால் மிஞ்சிய சீம்பாலைக் குளிர்பெட்டியில் வைத்து, அடுத்த சில நாட்களுக்குப் பாலோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பது நல்லது. அக்கம்பக்கத்துக்குச் சீம்பால் கொடுத்துவிடுவது நம் ஊர் வழக்கம். கன்றின் பங்கு போக மிஞ்சியதைக் கொடுக்கலாம்.

கொட்டகையில் செய்ய வேண்டியவை

* ஈனும் இடம் காய்ந்து, புது வைக்கோல் பரப்பியதாக இருக்கட்டும். இந்த வைரஸ் ஈரச் சாணத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.
* கழிச்சல் கண்ட கன்றைத் தனியே கட்டுங்கள். நல்ல கன்றுகளுக்கு முதலில் தீனி, தண்ணீர் காட்டிவிட்டு, நோய்க் கன்றைக் கடைசியாகக் கவனியுங்கள்.
* சாணத்தை வழித்துக் கழுவிய பிறகே பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளிக்க வேண்டும். சாணத்தின்மேல் தெளித்தால் பவுடர் வீண்.
* பால் வாளி, பாட்டில்களைக் கழுவி வெயிலில் காய வையுங்கள்.
* எல்லாக் கழிச்சலும் ரோட்டா அல்ல. முதல் நான்கு நாளில் வந்தால் ஈ-கோலி பாக்டீரியாவாக இருக்கலாம். ரத்தம் கலந்திருந்தால், காய்ச்சல் இருந்தால், கன்று பால் குடிக்க மறுத்தால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

வாசகர் கேள்விகள்

கன்றுக்குக் கழிச்சல் வந்தால் பாலை நிறுத்த வேண்டுமா?

முழுவதுமாக நிறுத்தக் கூடாது. நோயோடு பட்டினியும் சேர்ந்தால் கன்று தாங்காது. பாலைச் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுங்கள். இடையிடையே கன்றுகளுக்கான உப்பு-சர்க்கரைக் கரைசலை வெதுவெதுப்பாகக் கொடுங்கள். கழிச்சல் இருக்கும்வரை நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு லிட்டர் வரை தேவைப்படும். பாலோடு கலக்க வேண்டாம். படுத்துவிட்ட கன்றுக்கு வாயில் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். அதற்கு மருத்துவர் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும்.

நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் பால் கொடுக்க வேண்டும் என்கிறார்களே?

தவறு. நஞ்சுக்கொடி விழ எட்டு மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் கன்றின் உறிஞ்சும் திறன் பாதியாகிவிடும். கன்று முட்டிக் குடித்தால் கருப்பை சுருங்கி, கொடி சீக்கிரம் விழவும் உதவும்.

கன்றின் கழிச்சல் கைக்குழந்தைக்குத் தொற்றுமா?

குழந்தைகளுக்கு இந்த நோய் பெரும்பாலும் குழந்தைகளிடமிருந்தும் பெரியவர்களின் கை வழியாகவும்தான் வருகிறது. மாட்டிலிருந்து வருவது அரிது. ஆனால், கன்றுக் கழிச்சலில் ரோட்டா மட்டும் இருக்காது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி மனிதருக்கு எளிதாகவே தொற்றும். கொட்டகை வேலை முடித்துச் சோப்புப் போட்டுக் கைகால் கழுவி, துணி மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

சொட்டு மருந்து கொடுத்தும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. பிறகு எதற்கு அது?

வயிற்றுப்போக்குக்கு வேறு கிருமிகளும் உண்டு. சொட்டு மருந்து, ரோட்டாவின் கடும் நோயையும் மரணத்தையும் குறைக்கிறது. வயிற்றுப்போக்கு வந்தால் தாய்ப்பாலை நிறுத்தாமல், ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் துத்தநாக மாத்திரை வாங்கி 14 நாள் கொடுங்கள். உச்சிக்குழி உள்வாங்கினால், சிறுநீர் குறைந்தால், குழந்தை துவண்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.