பிக்கிள்பால்: தாத்தாவும் பேரனும் ஒரே கோர்ட்டில் ஆட முடிவது எப்படி?

பம்மலுக்குப் பக்கத்தில், பல்லாவரத்தில் வளர்ந்தவர் நடிகை சமந்தா. உலக பிக்கிள்பால் லீக்கில் சென்னை அணியை வாங்கியவர் அவர்தான். நம்ம ஊறுகாய்க்கும் இந்த ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லைங்க!

1965-ல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில், ஒரு பேட்மின்டன் கோர்ட்டில் பிறந்த ஆட்டம் இது. இன்றும் அதே அளவுதான்: 44 அடி நீளம், 20 அடி அகலம். அபார்ட்மெண்ட் பேட்மின்டன் கோர்ட் இருந்தாலே போதும், வலையை மட்டும் நடுவில் 34 அங்குலத்துக்கு இறக்கணும்.

ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து என்பதால் வேகம் குறைவு. சர்வீஸை இடுப்புக்குக் கீழிருந்துதான் போடணும். முக்கியமான விஷயம், 'கிச்சன்'. வலைக்கு இருபுறமும் 7 அடி. அதற்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கவே கூடாது. வலையை ஒட்டி நின்று ஓங்கி அடிக்கும் இளவட்டத்தின் பலம் இங்கே பாதி செல்லாது. தாத்தாவின் நிதானம் எடுபடுவது இதனால்தான்.

ஆனால், சின்ன கோர்ட்தானே என்று அசந்துவிட வேண்டாம். பெரியவர்களுக்கு ஆபத்து, கீழே விழுவதில்தான். தலைக்கு மேல் போகும் பந்துக்காகப் பின்பக்கமாகவே ஓடாதீங்க. உடம்பைத் திருப்பிவிட்டு ஓடுங்க. ஜாகிங் ஷூ வேண்டாம், பேட்மின்டன் ஷூ போடுங்க. இதயப் பிரச்சினை இருந்தால், பேட் வாங்கும் முன் டாக்டரைப் பாருங்க.