ஏற்றத்துக்கு மட்டும் புகை

மாதிரி ரயிலின் புகைபோக்கியில் எழுவது கரிப்புகை அல்ல. உள்ளே இருக்கும் சிறிய மின்சுருள், சுத்திகரித்த கனிம எண்ணெயைச் சூடாக்குகிறது. ஆவியான எண்ணெய் வெளிக்காற்றில் குளிர்ந்து நுண்துளிகளாகிறது. அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1946இல் புகைவிடும் இன்ஜின்களை விற்கத் தொடங்கிய காலந்தொட்டே சிறுவர்களுக்கு இதில் தனி மோகம். இலங்கையின் பதுளை ரயில்பாதையை மண்டபத்தில் மாதிரியாக அமைப்பவருக்கும், நீராவிக் கோச்சி நாள்முழுக்கப் புகைவிட்டால்தான் அசலாகத் தெரியும் என்று தோன்றும். ஆனால் அசலைத் தேடுபவரே புகையைச் சிக்கனமாக விட வேண்டும்.

காரணம் அந்தப் பாதையிலேயே இருக்கிறது. 1924இல் பதுளையை எட்டிய இந்தப் பாதை, பட்டிப்பொலையில் சுமார் 1,890 மீட்டர் உயரத்தைத் தொட்டு, அங்கிருந்து ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்துக்கு இறங்குகிறது. நீராவி இன்ஜினில் வேலை முடித்த நீராவிதான் புகைபோக்கி வழியே பீறிட்டு, அடுப்புக்குக் காற்றை இழுக்கிறது. பளுவோடு ஏறும்போது அது குமுறும். நீராவியை அடைத்துவிட்டு இறங்கும்போது அடங்கிவிடும். ஆகவே பதுளையை நோக்கி இறங்கும் வண்டிக்குப் புகை பெரும்பாலும் மெல்லிய இழைதான். பதுளையிலிருந்து தெமோதரைக்கு ஏறி, நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைந்து வளைந்து, அதே நிலையத்துக்கு மேலேறும் வண்டிக்குத்தான் முழுப் புகை பொருந்தும். டீசல் வந்த பிந்தைய காலத்தைக் காட்டும் மாதிரிக்கு நீராவி இன்ஜினின் இந்தப் புகையே பொருந்தாது.

இன்ஜினை 76இல் ஒரு பங்காகச் சுருக்கலாம். அதைப் பார்க்கவருபவரின் நுரையீரலைச் சுருக்க முடியாது. மூடிய மண்டபத்தில் எண்ணெய்த்துளிகள் சேர்ந்துகொண்டே போகும். தோட்ட லயத்து விறகடுப்புப் புகைக்கு முன் இது எம்மாத்திரம் என்று கேட்கலாம். அடுப்புப் புகை கெடுதல் என்பது உண்மை. அதற்காக இன்னொரு புகையைச் சேர்க்க வேண்டியதில்லை. பார்வையாளர் சற்று நேரத்தில் போய்விடுவார். வண்டியை ஓட்டுபவர் மாலைவரை அங்கேயே நிற்பார், ஆஸ்துமா உள்ள பிள்ளையோ மேசையோரத்தில் முகம் வைத்துப் பார்க்கும். தண்டவாளத்தில் படியும் எண்ணெய் மின்தொடர்பையும் சக்கரப்பிடியையும் கெடுக்கும். இதற்கு மாற்றாக, நீரை நுண்துளியாக்கும் மீயொலிக் கருவியில் எண்ணெய் இல்லை. காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தினால் உப்பும் படியாது. பிள்ளைகளின் மகிழ்ச்சிக்கும் குறை வராது: எப்போதும் வரும் புகையைவிட, ஏற்றத்தில் மட்டும் வரும் புகையைத்தான் அவர்கள் காத்திருந்து பார்ப்பார்கள். சன்னல்களைத் திறந்துவைத்து, தெமோதரை ஏற்றத்தில் சில நிமிடம் விட்டால் போதும். மற்ற நேரத்துக்கு இன்ஜினின் ஒலி இருக்கிறது.