சைக்கிளை அலங்கரித்தலும் அபாயமின்றிச் செல்லுதலும்

கிராமவாசிகளின் உடைமைகளில் சைக்கிளைப் போல் நாள்தோறும் உழைப்பவை மிகச் சிலவே. விடியுமுன் பால் கேன்களைச் சுமந்து சங்கத்திற்குப் போவதும், பகலில் புல்லுக்கட்டையும் உரமூட்டையையும் ஏற்றி வருவதும், மாலையில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வீட்டில் சேர்ப்பதும் அதுவே. மாட்டுப் பொங்கலன்று உழவு மாட்டின் கொம்புக்கு வர்ணம் தீட்டிக் கழுத்தில் சலங்கை கட்டி மகிழும் குடியானவன், தன் சைக்கிளுக்கும் குஞ்சமும் மணியும் பூட்டிப் பார்க்க ஆசைப்படுவது இயல்பே. அந்த ஆசையைக் குற்றமாகக் கொள்ளுதல் தகாது. தனக்குரியதென்று அழகு செய்த பொருளை மனிதன் துடைத்து, எண்ணெயிட்டு, நெடுநாள் காப்பாற்றுகிறான்.

வண்டியை அடையாளம் காண்பதும் அலங்காரத்திற்கு ஒரு காரணமாகும். தமிழ்நாட்டில் 2001-2002-ஆம் கல்வியாண்டில் தொடங்கிப் படிப்படியாக விரிக்கப்பட்ட திட்டத்தின் கீழ் மாணவ மாணவியர்க்கு அரசாங்கம் இலவச சைக்கிள்கள் வழங்கியது. ஒரே நிறமும் ஒரே அமைப்பும் உடைய நூறு வண்டிகள் பள்ளிக் கொட்டகையில் நிற்கும்போது, தன் வண்டி எது என்று தெரிய ஒவ்வொருவரும் ஓர் அடையாளம் வைத்துக்கொள்வதில் வியப்பில்லை. புதுக்கோட்டை ஜில்லாவில் 1991-ஆம் ஆண்டு அறிவொளி இயக்கத்தின் போது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். பிறர் கையை எதிர்பாராமல் சந்தைக்கும் தண்ணீருக்கும் சென்றுவர அது அவர்களுக்கு வழி காட்டிற்று. இத்தகைய வண்டியை அதன் உடையவர் பிரியத்துடன் வைத்துக்கொள்வது நன்றே.

ஆனால் அலங்காரம் எதைக் கூட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதை ஆலோசித்தல் வேண்டும்.

காண்பதற்கு வேண்டிய தூரம்

பால் கொண்டு செல்லும் ஒருவர் தம் வண்டியைப் புதுமையாக்க எண்ணி, பிரேம் முழுவதும் கறுப்புப் பட்டையைச் சுற்றி, மட்கார்டுகளைக் கழற்றி, பின்னாலிருந்த சிவப்புக் கண்ணாடியும் அழகைக் கெடுக்கிறதென்று நீக்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். காலை நாலரை மணிக்கு அவர் பெரிய ரஸ்தாவில் ஏறுகிறார். பின்னால் ஒரு லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அந்த வேகத்தில் லாரி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். டிரைவர் ஒன்றைக் கண்டு, இன்னதென்று உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடியாகிறது. அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும். உலர்ந்த ரஸ்தாவிலும் வண்டி நிற்க மேலும் 20 மீட்டருக்குக் குறையாது வேண்டும். பாரம் ஏற்றிய லாரிக்கு இன்னும் அதிகமாகும். ஆகமொத்தம் 45 மீட்டருக்கு மேல் தேவை. தாழ்த்திய முன்விளக்கின் ஒளியிலோ, கருநிற உடையும் கருநிற வண்டியும் பொதுவாகச் சுமார் 30 மீட்டரில்தான் கண்ணுக்குப் புலனாகும். டிரைவர் எவ்வளவு நல்லவராயினும், அவர் காணும்போது காலம் கடந்துவிட்டது என்பதே இக்கணக்கின் பொருள்.

அதே வண்டியில் சுத்தமான பிரதிபலிப்பான் ஒன்று இருந்தால் 100 மீட்டருக்கு அப்பாலிருந்தே அது பளிச்சிடும். டிரைவருக்கு ஐந்தாறு விநாடி கிடைக்கிறது. சில ரூபாய் விலையுள்ள சிறு துண்டு ஒரு குடும்பத்தின் சம்பாத்தியத்தைக் காக்கிறது.

பிரதிபலிப்பான் வேலை செய்யும் விதம்

சாதாரண முகக் கண்ணாடி தன்மேல் சாய்வாக விழும் ஒளியை வேறு பக்கம் தள்ளிவிடும். பிரதிபலிப்பானோ ஒளி எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பும். அதனுள் இருக்கும் நுண்ணிய பட்டைகளோ கண்ணாடி மணிகளோ இதற்குக் காரணம். ஆகையால் விளக்கொளியின் பின்னே அமர்ந்திருக்கும் டிரைவரின் கண்ணுக்கே அது மிகவும் பிரகாசமாகத் தோன்றும். இங்கிலாந்தில் பெர்ஸி ஷா என்பவர் ரஸ்தாவில் பதிக்கும் ‘பூனைக்கண்’ணுக்கு 1934-இல் உரிமை பெற்றதும் இத்தத்துவத்தைக் கொண்டே. புழுதி படிந்த பிரதிபலிப்பான் குருட்டுக் கண்ணுக்கு ஒப்பாகும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தல் அவசியம். இந்திய அரசாங்கமும் சைக்கிள் பிரதிபலிப்பான்களின் தரம் பற்றி 2020-ஆம் ஆண்டில் உத்தரவு பிறப்பித்தது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பெடலிலும் பக்கங்களிலும் மஞ்சள் என்பது வழக்கம். இதை மாற்றி முன்னால் சிவப்பு வைத்தால், வண்டி வருகிறதா போகிறதா என்று எதிரே வருபவர் மயங்குவர்.

அசையும் பாகத்தில் இருப்பது மிகுந்த பயன் தரும். ஸ்வீடன் தேசத்து மனோதத்துவ அறிஞர் குன்னார் யொஹான்ஸன், இருளில் ஒருவரின் மூட்டுக்களில் வைத்த சில ஒளிப்புள்ளிகள் அசைவதைக் கண்ட மாத்திரத்தில் அது மனிதன் என்று பார்ப்பவர் அறிவதை 1973-இல் விளக்கிக் காட்டினார். பெடலில் ஏறி இறங்கும் மஞ்சள் ஒளியும், கணுக்காலில் கட்டிய பளபளப்புப் பட்டையும் ‘இது சைக்கிள்’ என்று தூரத்திலேயே அறிவிப்பதன் காரணம் இதுவே.

அலங்காரமும் காவலும் ஒன்றாகும் வகை

குஞ்சத்திற்கும் பூவுக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைப் பிரதிபலிக்கும் ஒட்டுப் பட்டைக்குச் செலவிட்டால் அழகும் குறையாது, காவலும் கூடும். சக்கரக் கம்பிகளில் கோக்கும் வர்ண மணிகளுடன் பிரதிபலிக்கும் துண்டுகளையும் சேர்த்தால், குறுக்குச் சாலையில் வருபவர்க்கு இரண்டு சக்கரங்களும் வளையமாகச் சுழல்வது தெரியும். பின் மட்கார்டின் அடிப்பாகத்தில் ஒரு சாண் வெள்ளை வர்ணம் அடிக்கும் பழைய வழக்கம் இன்றும் நல்லதே. செயின் கவரில் பெயர் எழுத விரும்புவோர் அந்த எழுத்துக்களைப் பிரதிபலிக்கும் பட்டையிலேயே வெட்டி ஒட்டலாம்.

கண்ணைப் பறிக்கும் பச்சை, ஆரஞ்சு நிறங்கள் பகலிலும் அந்தியிலும் மிக்க பயனுடையவை. அவை சூரிய ஒளியைக் கொண்டே ஒளிர்வதால் இரவில் அவற்றை நம்புதல் ஆகாது. இரவிற்கு விளக்கே முதன்மையானது. டயரில் உராய்ந்து ஓடும் டைனமோ, வண்டி நின்றவுடன் அணைந்துவிடும். ஆதலின் மின்கலத்தால் எரியும் சிறு சிவப்பு விளக்கொன்றைப் பின்னால் வைத்துக்கொள்வது உத்தமம். டென்மார்க்கின் ஓடென்ஸே நகரில் 2004-2005-இல் சுமார் 3,800 சைக்கிள்காரர்களைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. பகலிலும் அணையாத விளக்குப் பெற்றவர்களிடையே காயம் நேர்ந்த விபத்துக்கள் மற்றவரைவிட 19 சதவிகிதம் குறைந்திருந்தன.

கேரியரில் புல்லுக்கட்டோ கோணியோ ஏற்றும்போது பின்விளக்கும் சிவப்புக் கண்ணாடியும் மறைந்துபோகும். பலரும் கவனியாத குறை இதுவே. பாரத்தின் பின்பக்கத்தில் கட்டுவதற்கென்று, பிரதிபலிப்புப் பட்டை தைத்த துணி ஒன்றைக் கயிற்றுடன் கூடவே வைத்துக்கொள்ளலாம்.

செய்யத் தகாதவை

வர்ணம் பூசும்போது பழைய துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு கொடுத்து, அது உலர்ந்தபின் மெல்லிய பூச்சாக இருமுறை அடித்தால் போதும். சக்கர ரிம்மில் பிரேக் கட்டை படும் இடத்தில் வர்ணமோ எண்ணெயோ படலாகாது, பிரேக் வழுக்கிவிடும். பிரேமில் வெட்டியிருக்கும் எண்ணை வர்ணத்தால் மூடலாகாது. வண்டி திருட்டுப்போனால் அதுவே சாட்சி. அலங்காரப் பொருள்களை மாட்டுவதற்காகப் பிரேமில் துளையிடுதலும், பற்றவைத்தலும் குழாயைப் பலவீனப்படுத்தும். ஹாண்டில்பாரை உயர்த்துவோர் அதன் தண்டிலுள்ள எல்லைக் குறிக்கு மேல் இழுக்கலாகாது. குஞ்சங்கள் சக்கரத்தைத் தொடும் நீளமிருத்தல் கூடாது. செயின் கவரையும் சேலை காக்கும் வலையையும் கழற்றுவது வேஷ்டிக்கும் புடவைக்கும் மட்டுமன்றி உயிருக்கும் கேடாகும்.

சங்கங்கள் செய்யக்கூடியது

தனியொருவர் வாங்கினால் பிரதிபலிப்புப் பட்டைச் சுருள் அதிகமாகத் தோன்றும். பால் சங்கத்தார் ஒரு சுருளை மொத்தமாக வாங்கி, அங்கத்தினர் யாவருக்கும் வெட்டிக் கொடுத்தால், ஒருவருக்கு ஆகும் செலவு சொற்பமே. மாதம் ஒருமுறை பணப் பட்டுவாடா நாளன்று, சங்க வாசலில் நிற்கும் வண்டிகளின் பிரேக், மணி, பின்விளக்கு ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். பள்ளி ஆண்டுவிழாவில் அலங்கரித்த சைக்கிள்களுக்குப் பரிசு வைப்போர், மண்டபத்து வெளிச்சத்தில் மட்டும் பார்க்காமல், விளக்குகளை அணைத்துவிட்டு ஐம்பது மீட்டர் தூரத்திலிருந்து ஒரு டார்ச் விளக்கை அடித்துப் பார்த்துப் பரிசளிப்பார்களாக. இருட்டில் தென்படும் வண்டியே அழகில் முதன்மையானது என்பதைப் பிள்ளைகள் அன்றே கற்றுக்கொள்வர்.

மாட்டின் கழுத்துச் சலங்கை அழகுக்காக மட்டும் கட்டப்பட்டதன்று; இருட்டில் வண்டி வருவதை எதிரே வருபவர்க்கு அறிவிக்கவும் அது உதவிற்று. சைக்கிளின் அலங்காரமும் அவ்வாறே அமையுமாயின், விடியுமுன் புறப்பட்டவர் பொழுது புலர்ந்ததும் காலிக் கேன்களுடன் வீடு திரும்புவார்.