பக்கவாதம் ஏன் வருகிறது?

நேற்றுவரை வயலுக்குச் சென்று வந்தவர் இன்று காலையில் பாயை விட்டு எழ முடியாமல் கிடக்கிறார். “காற்று அடித்துவிட்டது, கையும் காலும் விழுந்துவிட்டன” என்கின்றனர் சுற்றத்தார். வாதம் என்னும் சொல்லுக்கே காற்று என்ற பொருளுண்டு. ஆயினும் இந்நோய்க்குக் காற்றும் காரணமன்று, விதியும் காரணமன்று. பழுது மூளையின் இரத்தக் குழாயில் இருக்கிறது.

மாணவர்களே! கல்வராயன் மலையடிவாரத்துக் கோமுகி அணையின் நீர், கால்வாய் வழியே வயலுக்குப் பாய்கிறது. கால்வாய் அடைபட்டால் பயிர் வாடும். கரை உடைந்தால் பயிர் அழியும். மூளையிலும் இவ்விரண்டே நிகழ்கின்றன. குழாயை இரத்தக்கட்டி அடைப்பது ஒன்று, இதுவே மிகுதி. குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்றொன்று. உடல் எடையில் நூற்றில் 2 பங்கே உள்ள மூளை, உடல் கொள்ளும் பிராணவாயுவில் ஏறக்குறைய 20 பங்கைச் செலவிடுகிறது. ஆதலால் இரத்தம் சில நிமிடங்கள் நின்றாலும் மூளையின் உயிரணுக்கள் மடியத் தொடங்குகின்றன. மூளையின் இடப்பாதி தாக்குண்டால் உடலின் வலப்பக்கம் செயலிழக்கும்.

தாக்குதல் திடீரென்று வருவது. ஆனால் அதற்கான ஏற்பாடு பல்லாண்டுகள் நடப்பது. முதற்காரணம் இரத்தக் கொதிப்பு. அது வலியின்றிக் குழாய்களைச் சிதைக்கும். அடுத்தவை புகைத்தல், நீரிழிவு, மிகுந்த கொழுப்பு, வயிற்றுப் பருமன், உழைப்பின்மை, தகாத உணவு, மது, மன அழுத்தம், இதய நோய் என்பன. பத்துப் பக்கவாதங்களில் ஒன்பதுக்கு இப்பத்துக் காரணங்களே பொறுப்பு என்பது, இந்தியா உள்ளிட்ட 22 நாடுகளில் நடந்து 2010-இல் வெளிவந்த ஆய்வின் முடிவு. முதுமையையும் பரம்பரையையும் நாம் மாற்ற இயலாது. இவற்றுள் பெரும்பாலானவற்றை மாற்றலாம்.

மலையில் ஏறி இறங்கி உழைப்பவர்க்கு இந்நோய் வாராது என்று எண்ணுவது பிழை. உழைப்புத் தரும் காவலை உப்பு மிகுந்த உணவும் பீடியும் மதுவும் கெடுத்துவிடும். மேலும், இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன் தலையை ஸ்கேன் செய்து, கசிவு இல்லையென்று உறுதி செய்தாக வேண்டும். வெள்ளிமலையைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து மலைப்பாதையில் கீழிறங்குவதற்கே அந்நேரத்தில் ஒரு பகுதி கழிந்துவிடும். கள்ளக்குறிச்சியில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எனினும் பாதையின் தொலைவு குறைந்துவிடவில்லை. ஆகவே மலைவாழ் மக்களுக்கு வருமுன் காத்தலே சிறந்த மருத்துவம்.

இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை இல்லத்திற்கே கொணரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-இல் தொடங்கப்பட்டது. உடல் நன்றாயிருக்கிறது என்று மாத்திரையை நிறுத்துவோர் பலர். நன்றாயிருப்பதே மாத்திரையால்தான் என்று வீட்டுப் பெரியோருக்கு எடுத்துரைப்பது உங்கள் கடமை. வாய் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, எண்ணெய் தேய்த்துக் காத்திராதீர்கள். வாயில் எதுவும் புகட்டாதீர்கள். நோய் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள்.