பட்டதாரிக்குத் திறந்திருக்கும் படைவாசல்
(சித்தூர், திருப்பதி இளைஞர்களை முன்னிட்டு)

சித்தூர், நகரி, புத்தூர், குப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு "மிலிட்டரிக்காரர்" என்ற சொல் புதியதல்ல. ஆனால் அது பெரும்பாலும் சிப்பாயாகச் சேர்ந்து, ஹவில்தாராகவோ சுபேதாராகவோ ஓய்வு பெற்று வந்தவரையே குறிக்கும். "டிகிரி முடிச்ச பையன் நேரா லெப்டினன்டா போக முடியுமா?" என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரிவதில்லை. முடியும். அந்த வழியையும், அதில் நம் பிள்ளைகள் இடறும் இடங்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதன்மையான வழி, யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சி.டி.எஸ். தேர்வு. இதற்கு டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. திருப்பதியிலேயே தேர்வு மையம் உண்டு. விண்ணப்பம் இணையதளத்தில்தான். பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். டேராடூன் ஐ.எம்.ஏ.வுக்கு ஆங்கிலம், பொது அறிவு, கணிதம் என மூன்று தாள்கள், மொத்தம் 300 மதிப்பெண். சென்னைப் பறங்கிமலையில் உள்ள ஓ.டி.ஏ.வுக்குக் கணிதம் இல்லை. ஆங்கிலமும் பொது அறிவும் மட்டும், 200 மதிப்பெண். கணக்கென்றால் பயப்படும் பி.ஏ., பி.காம். பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிக்கப்படும் என்பதால் குருட்டாம்போக்கில் விடை குறிக்கக் கூடாது.

நம்மவர் முதலில் இடறுவது வயதில். ஐ.எம்.ஏ.வுக்கு ஏறத்தாழ 19 முதல் 24 வயது, ஓ.டி.ஏ.வுக்கு 25 வரை. பயிற்சி தொடங்கும் மாதத்தை வைத்து இது கணக்கிடப்படும்; பிறந்த தேதியின் எல்லை ஒவ்வோர் அறிவிக்கையிலும் அச்சிட்டிருக்கும். மற்ற அரசுத் தேர்வுகளைப் போல் சாதி அடிப்படையில் வயதுத் தளர்வு இங்கே கிடையாது. "முதல்ல பேங்க் பரீட்சை, குரூப் பரீட்சை எழுதிப் பாக்கட்டும், மிலிட்டரியை அப்புறம் பாத்துக்கலாம்" என்று நான்கு வருடம் ஓட்டினால், அந்த 'அப்புறம்' வருவதற்குள் கதவு சாத்திவிடும். வங்கித் தேர்வு காத்திருக்கும், இது காத்திருக்காது.

எழுத்துத் தேர்வே இல்லாத வழிகளும் உண்டு. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்து 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும், பட்டத்தில் 50 விழுக்காடும் பெற்றவர் என்.சி.சி. சிறப்பு நுழைவில் விண்ணப்பிக்கலாம். பொறியியல் பட்டதாரிகளுக்கு டி.ஜி.சி., எஸ்.எஸ்.சி. டெக்னிக்கல் என்ற நுழைவுகளில் வயது 20 முதல் 27 வரை. பொறியியல் கல்லூரிகள் நிறைந்த நம் வட்டாரத்துக்கு இது பெரிய வாய்ப்பு. மதிப்பெண் விழுக்காட்டைப் பார்த்து நேரே நேர்முகத் தேர்வுக்கு அழைப்பார்கள்.

அந்த நேர்முகத் தேர்வுதான் எஸ்.எஸ்.பி. ஐந்து நாள் நடக்கும். பெங்களூரு, போபால், அலகாபாத் முதலிய இடங்களில் இதற்கான மையங்கள் உள்ளன. முதல் நாளே ஒரு வடிகட்டல்: அறிவுத்திறன் தேர்வு, பிறகு ஒரு படத்தை 30 விநாடி காட்டி அதை வைத்துக் கதை எழுதச் சொல்லி, குழுவாக விவாதிக்க விடுவார்கள். தேறாதவர் அன்றே ஊர் திரும்ப வேண்டியதுதான். தங்கியவர்க்கு உளவியல் தேர்வு: 15 விநாடிக்கு ஒன்றாக 60 சொற்கள், அரை மணி நேரத்தில் 60 சூழ்நிலைகள். பிறகு மைதானத்தில் கட்டை, கயிறு, பீப்பாய் கொண்டு குழுவாகத் தடை கடப்பது. தனியாக ஓர் அதிகாரியிடம் நீண்ட உரையாடல்.

இங்கேதான் நம் பிள்ளைகள் இரண்டாவது முறை இடறுகிறார்கள். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளை, "எனக்கு இங்கிலீஷ் சரளமா வராது சார்" என்று குழு விவாதத்தில் வாயே திறப்பதில்லை. ஆனால் எஸ்.எஸ்.பி. இலக்கணத் தேர்வு அல்ல. பொறுப்பேற்கும் குணம், பிறரோடு ஒத்துப்போதல், நெருக்கடியில் முடிவெடுத்தல் ஆகியவற்றைத்தான் அங்கே பார்க்கிறார்கள். எளிய வாக்கியத்தில் தெளிவாகச் சொன்னால் போதும். பல மொழி பேசும் ஜவான்களோடு வாழப் போகிறவனுக்கு மூன்று மொழியில் புழங்கிய பழக்கம் குறையாகுமா? ஒருமுறை தேறாவிட்டாலும், வயது இருக்கும்வரை மறுபடி முயலலாம்.

எஸ்.எஸ்.பி.யில் தேறியவர் மருத்துவப் பரிசோதனை முடித்து, தகுதிப் பட்டியலிலும் இடம்பெற வேண்டும். ஓ.டி.ஏ. பயிற்சி 49 வாரம். 1992 முதல் பெண்களும் அங்கிருந்து அதிகாரிகளாகி வருகின்றனர். பயிற்சிக் காலத்தில் 7ஆவது ஊதியக் குழுவின்படி மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. பிறகு 10 ஆண்டு பணி. மேலும் 4 ஆண்டு நீட்டிக்கலாம், தகுதியுடையோர் நிரந்தரப் பணிக்கும் மாறலாம். 2020இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பால் பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி உறுதியாயிற்று.

சம்பளத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. சென்னையைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன் வணிகவியல் பட்டதாரி. ஓ.டி.ஏ.வில் பயின்று 2006இல் ராஜ்புத் ரெஜிமெண்டில் அதிகாரியானவர். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளுடன் நடந்த மோதலில் உயிர்நீத்தார். அவருக்கு அசோக சக்கரம் வழங்கப்பட்டது. பிள்ளையும் பெற்றோரும் இதையும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடல் கடந்தும் மாநிலம் கடந்தும் வாழும் நாம் ஊருக்குப் போன் செய்யும்போது, "படிப்பு எப்படிப் போகுது?" என்று கேட்பதோடு நிறுத்திவிடுகிறோம். அண்ணன் மகனோ அக்கா மகளோ கல்லூரியில் இரண்டாமாண்டு படித்தால், "என்.சி.சி.ல இருக்கியா? சி.டி.எஸ். பத்தித் தெரியுமா?" என்றும் கேளுங்கள். இரண்டாமாண்டில் கேட்டால் பிள்ளைக்கு நான்கைந்து ஆண்டுகள் கையில் இருக்கும். இருபத்தாறு வயதில் கேட்டால் பழங்கதையாகப் பேச மட்டுமே முடியும்.