மண்டாய்க் காட்டுக் கடமான்: பார்க்கத் தொடங்குகிறவருக்கு

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறி, டோபி காட்டில் வடக்கு தெற்குப் பாதைக்கு மாறி, காத்திப் நிலையத்தில் இறங்கினால் மண்டாய் பக்கம்தான். விலங்குத் தோட்டத்துக்குப் போகும் குடும்பங்கள் அங்கிருந்து பேருந்து பிடிக்கின்றன. அடைப்புக்குள் இருக்கும் புலியையும் ஒராங்குட்டானையும் பார்க்கப் போகிற அந்த வழியை ஒட்டிய காட்டில், அடைப்பு எதுவும் இல்லாமல் ஒரு பெரிய விலங்கு வாழ்கிறது. வளர்ந்த ஆணின் எடை 150 கிலோவைத் தாண்டும். தோள் உயரம் ஒன்றரை மீட்டர் வரை போகும். அதுதான் கடமான். நெல்லை, குமரி மாவட்ட மலையடிவாரங்களில் மிளா என்பார்கள். சிங்கப்பூர்க் காட்டில் இன்று திரியும் பாலூட்டிகளில் இதைவிடப் பெரியது வேறில்லை.

ஒரு காட்டில் எத்தனை மான் இருக்கலாம், அந்தக் கணக்கை யார் வைப்பது? கடமானைப் பற்றி அறியத் தொடங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரு காலத்தில் புலி வைத்தது. அமெரிக்காவில் இன்று அரசாங்கமும் வேட்டைக்காரரும் சேர்ந்து வைக்கிறார்கள். புலியும் இல்லாத, வேட்டையும் இல்லாத சிங்கப்பூரில் அந்தக் கணக்கு வேறு விதமாகப் போகிறது.

போய்த் திரும்பிய மான்

கடமான் இந்தத் தீவுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பீர், மிளகுத் தோட்டங்களுக்காகக் காடு வெட்டப்பட்டபோதே அதன் இடம் சுருங்கத் தொடங்கியது. வேட்டையும் சேர்ந்துகொண்டது. அதை உணவாகக் கொண்ட புலியும் நிலைக்கவில்லை. சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலி 1930இல் சுவா சூ காங் பகுதியில் சுடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கடமானும் அற்றுப்போனதாகவே கருதப்பட்டது. அதன் சிறிய உறவான கேளையாடும் இங்கிருந்து மறைந்தது.

பிறகு 1970களில் ஒரு திருப்பம். வளர்ப்பிடத்திலிருந்து தப்பிய சில கடமான்கள் மண்டாயைச் சுற்றிய காட்டுக்குள் போய்ச் சேர்ந்தன. அவற்றின் சந்ததிதான் இப்போது அங்கே நடமாடுவது. எழுபது மாடிக் கட்டடங்களும் எட்டுத் தடச் சாலைகளும் உள்ள நாட்டில், ஒருமுறை இழந்த பெரிய விலங்கு தானாகவே மறுபடி வேரூன்றியிருக்கிறது.

கொம்பு ஓர் உறுப்பு

பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவில் மாடுகளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். குழந்தைகள் அருகில் போய்த் தொட்டுப் பார்க்கும் அந்தக் கொம்பு மாட்டின் ஆயுள் முழுக்க அதனுடனேயே இருக்கும். உள்ளே எலும்பு, மேலே நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருளால் ஆன உறை. மானின் கொம்பு அப்படியன்று. அது முழுக்க எலும்பு. பெரும்பாலான மான் இனங்களில் ஆணுக்கு மட்டுமே முளைக்கும். விழுந்து, மறுபடி முளைக்கும்.

முளைக்கும் காலத்தில் அதன் மேல் மெல்லிய ரோமத்தோல் போர்த்தியிருக்கும். அந்தத் தோலுக்குள் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடும். தொட்டால் சூடாக இருக்கும், அடிபட்டால் ரத்தம் வரும். பாலூட்டிகளின் உடலில் இத்தனை வேகமாக வளரும் திசு அரிது. வளர்ச்சி முடிந்ததும் ரத்த ஓட்டம் நின்று தோல் காய்ந்து கிழியும். மான் மரத்தில் தேய்த்துத் தேய்த்து அதை உரித்துப் போடும். எஞ்சுவது கெட்டிப்பட்ட எலும்பு. இனப்பெருக்கக் காலம் தீர்ந்தபின், அடிப்பகுதி எலும்பை உடலே கரைக்க, கொம்பு கழன்று விழும்.

கடமானின் கொம்பை அடையாளம் காண்பது எளிது. முதிர்ந்த ஆணுக்கு ஒவ்வொரு பக்கமும் மூன்று முனைகள்: நெற்றிக்கு மேலே ஒன்று, உச்சியில் கவைபோலப் பிரியும் இரண்டு. குளிர்நாடுகளில் ஓர் இனத்து ஆண் மான்கள் ஏறக்குறைய ஒரே பருவத்தில் கொம்பு உதிர்க்கும். பூமத்தியரேகையை ஒட்டிய சிங்கப்பூரில் அப்படி ஒரு திட்டமான பருவம் இல்லை. ஒரே மாதத்தில் ஒரு மான் முழுக் கொம்போடும் இன்னொன்று ரோமத்தோல் போர்த்திய குருத்தோடும் நிற்கலாம். கொம்பில்லாத மானைப் பார்த்ததும் பெண் என்று எழுதிவிடாமல் நெற்றியில் குமிழ் தெரிகிறதா என்று பார்ப்பது நல்லது.

குலுக்கலில் கிடைக்கும் மான்

மானின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு நடத்தும் முறையை விளங்கிக்கொள்ள அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களைப் பார்க்கலாம். அங்கே பெரிய மானை வேட்டையாட உரிமம் மட்டும் போதாது. ‘டேக்’ என்னும் சீட்டும் வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு மான். சுட்டவுடன் அந்தச் சீட்டில் தேதியைக் குறித்து மானின் உடலில் கட்டியாக வேண்டும்.

மாநில வனவிலங்குத் துறை காட்டைப் பகுதி பகுதியாகப் பிரிக்கிறது. விமானத்திலிருந்தும் தரையிலிருந்தும் மான்களை எண்ணி, ஆண் பெண் விகிதத்தையும் குட்டிகளின் எண்ணிக்கையையும் பார்த்து, இந்த ஆண்டு இந்தப் பகுதிக்கு இத்தனை சீட்டு என்று அறிவிக்கிறது. விண்ணப்பங்கள் அதைவிட அதிகமாக வந்தால் குலுக்கல். பிடிஓ என்னும் புதிய அரசு வீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு இது உடனே புரியும். பலமுறை கிடைக்காமல் போனவருக்கு அங்கேயும் கூடுதல் வாய்ப்பு உண்டு. பல மாநிலங்களில் ஒவ்வோர் ஆண்டும் கிடைக்காதவர் கணக்கில் ஒரு புள்ளி சேரும். கொலராடோ போன்ற மாநிலங்களில் அதிகப் புள்ளி வைத்திருப்பவருக்கே முதலிடம். நெவாடாவில் புள்ளி கூடக் கூடக் குலுக்கலில் வாய்ப்பு பெருகும், ஆனாலும் புதியவருக்கும் அதிர்ஷ்டம் அடிக்கலாம். நியூ மெக்சிகோவில் புள்ளியே கிடையாது.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் பெறுவார். பிறகு ஒவ்வொரு பகுதியிலும் முந்தைய ஆண்டுகளில் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று துறை வெளியிடும் பட்டியலைப் படிப்பார். பேர்பெற்ற பகுதிக்கு இருபது ஆண்டுகூடக் காத்திருக்க நேரலாம். அதனால் அனுபவசாலிகள் புதியவரைப் போட்டி குறைந்த பகுதிக்கும் பெண் மான் சீட்டுக்கும் விண்ணப்பிக்கச் சொல்வார்கள்.

பெண் மான் சீட்டின் பின்னே ஓர் உயிரியல் கணக்கு இருக்கிறது. ஓர் ஆண் பல பெண்களோடு இணையும். ஆண்களில் சில குறைந்தாலும் அடுத்த ஆண்டுக் குட்டிகள் அநேகமாகக் குறையாது. பெண் ஒன்று குறைந்தால் அது ஈனவிருந்த குட்டிகளும் குறையும். எனவே எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேண்டிய இடத்தில் பெண் மான் சீட்டைக் கூட்டுவார்கள், பெருக விட வேண்டிய இடத்தில் நிறுத்திவிடுவார்கள். சீட்டுப் பணமும், 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது வசூலாகும் வரியும் வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகின்றன. 1900 வாக்கில் சில லட்சமாகச் சுருங்கியிருந்த அமெரிக்க வெள்ளைவால் மான் இன்று சுமார் 3 கோடி. கட்டுப்பாடில்லாத வேட்டை நின்றதும், எண்ணிக்கை பார்த்து அனுமதி தரும் முறை வந்ததும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

கடமானையே இதற்கு நேர்மாறான நிலையில் ஆஸ்திரேலியாவில் பார்க்கலாம். விக்டோரியா மாநிலத்தில் 1860களில் கொண்டுபோய் விட்ட கடமான்கள் மலைக்காடெங்கும் பெருகிவிட்டன. உரிமம் உள்ளவர் ஆண்டு முழுவதும் எத்தனை வேண்டுமானாலும் சுடலாம் என்ற அளவுக்கு நிலைமை போனது. அதே மாநிலத்தில், வாழிடம் குறுகிய பாடா மான் என்னும் வேறோர் இனத்துக்கு ஏப்ரலில் ஒரு மாதம்தான் வேட்டை. ஒருவருக்கு ஆண் ஒன்று, பெண் ஒன்று, இரண்டுக்கும் சீட்டு, சில இடங்களுக்குக் குலுக்கல்.

நம் பக்கத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. நீலகிரியில் வேட்டையை உரிமத்துக்கும் பருவத்துக்கும் கட்டுப்படுத்தும் சட்டம் 1879இலேயே வந்தது. கடமானும் அதன் வரம்புக்குள் இருந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1991இல் வந்த திருத்தத்தோடு இந்தியாவில் உரிம வேட்டைக்கு முடிவு வந்தது. முதுமலையில் இன்று கடமானின் கணக்கைப் புலியும் செந்நாயும் வைக்கின்றன.

பாலமும் சாலையும்

சிங்கப்பூரில் கடமானுக்குச் சீட்டு இல்லை, குலுக்கலும் இல்லை. 2020 ஜூனில் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியின்றி அதைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். உணவு கொடுப்பதும் குற்றம்: முதல்முறைக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், திரும்பச் செய்தால் 10,000 வெள்ளி வரை. இந்த விதியில் மானின் உயிர் அடங்கியிருக்கிறது. மனிதர் கையில் தின்னப் பழகிய மான் சாலையோரத்துக்கு வந்து நிற்கும், வண்டியைக் கண்டால் விலகாது. புலி போன பிறகு இங்கே மானுக்கு மிகப் பெரிய ஆபத்து வாகனந்தான். மோதலில் மான்கள் இறந்திருக்கின்றன. அவ்வளவு எடையுள்ள விலங்கின் மீது மோதினால் ஓட்டுநருக்கும் ஆபத்து, மோட்டார் சைக்கிளில் வருபவர் நிலை இன்னும் மோசம்.

1980களில் வந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை ஒரே காடாக இருந்ததை இரண்டாகப் பிளந்தது. ஒருபுறம் 163 ஹெக்டேர் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி, மறுபுறம் மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதி. 2013இல் அந்தச் சாலையின் மேல் ஒரு பசுமைப் பாலம் கட்டினார்கள். இரு முனையிலும் அகன்று, நடுவில் 50 மீட்டருக்குக் குறுகும் அந்தப் பாலத்தில் மண் கொட்டி உள்ளூர் மரங்களை நட்டார்கள். எறும்புத்தின்னியும், இரண்டு கிலோ எடைகொண்ட சருகுமானும் அதில் கடப்பது கேமராவில் பதிவாகியிருக்கிறது. மண்டாய் ஏரிச் சாலைக்கு மேலே 2019இல் இன்னொரு பாலம் வந்தது. கடமான் அதைப் பயன்படுத்துகிறது.

பாலம் இருந்தால் போதும், மான் பெருகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. பகை விலங்கு இல்லாத சிறு காட்டில் மான் மிகுந்தால் இளங்கன்றுகளை மேய்ந்து அடுத்த தலைமுறை மரங்களைக் குறைத்துவிடும். அதனால் எண்ணுவதும் கவனிப்பதும் இங்கேயும் தேவை. எண்ணாமல் காப்பாற்றுவது பாதி வேலைதான்.

எப்படித் தொடங்குவது

முதலில் தடயங்களைப் படிக்கப் பழகுங்கள். மழை பெய்த மறுநாள் நடைபாதை ஓரச் சேற்றில் இரண்டாகப் பிளந்த குளம்படி தெரியும். காட்டுப்பன்றியின் குளம்பும் இரட்டைதான், ஆனால் அதற்குப் பின்னால் இருபுறமும் பின்குளம்பின் புள்ளிகள் பெரும்பாலும் பதிந்திருக்கும். மானின் தடம் நீண்டு, முன்னே கூர்மையாக இருக்கும். கொம்பு தேய்த்துப் பட்டை உரிந்த மரமும், புரண்டு எழுந்த சேற்றுக் குழியும் அடுத்த அடையாளங்கள்.

கடமான் அந்தியிலும் இரவிலும் மேயும். வனப்பகுதிப் பாதைகள் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரைதான் என்பதால் இருட்டியபின் உள்ளே போகக் கூடாது. மண்டாய் பக்கத்துப் பொதுச் சாலைகளின் நடைபாதையிலிருந்தே காட்டோரத்தைப் பார்க்கலாம். வாசனைத் திரவியம் வேண்டாம், காற்று உங்கள் பக்கமிருந்து மானை நோக்கி வீசினால் அது முன்பே நகர்ந்துவிடும். மங்கலான விளக்கு போதும், பளிச்சென்று ஃபிளாஷ் அடிக்காதீர்கள். அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் உண்டு. இருட்டில் பார்க்க உதவும் அந்தப் படலமே திடீர் வெளிச்சத்தில் அதற்குக் கண்கூச்சத்தைத் தரும். முன்காலைத் தரையில் தட்டினாலோ, வாலைத் தூக்கி ஒற்றை உரத்த குரல் கொடுத்தாலோ, நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். பின்வாங்குங்கள்.

வண்டி ஓட்டினால், ஒரு மான் கடந்ததும் வேகமெடுக்காதீர்கள், பின்னாலேயே குட்டி வரக்கூடும். அடிபட்ட விலங்கைக் கண்டால் தொடாமல் தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் அந்தக் கழகமோ சிங்கப்பூர் இயற்கைச் சங்கமோ நடத்தும் வழிகாட்டி நடைகளில் சேரலாம்.

பார்த்ததைக் குறித்து வையுங்கள்: தேதி, நேரம், இடம், ஆணா பெண்ணா, கொம்பின் நிலை, உடன் குட்டி உண்டா. ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் பதிவு செய்யலாம். சமூக ஊடகத்தில் மட்டும் சரியான இடத்தைப் போடாதீர்கள், கூட்டம் கூடிவிடும். கடமான் ஓர் ஈற்றில் பொதுவாக ஒரு குட்டிதான் ஈனும். அதனால் தாயோடு ஒரு குட்டி என்று நீங்கள் எழுதும் ஒரு வரிகூட, இந்தச் சிறு கூட்டம் பெருகுகிறதா தேய்கிறதா என்று பார்க்கிறவர்களுக்கு உண்மையான தகவல்.